இன்னைக்கு வேணாம்

என் வகுப்புக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன். "எப்படிப் பறப்பது என்று சொல்லித்தர உங்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எப்போது பறக்கக் கூடாது என்பதுதான் என் பாடம்." பையன்கள் சிலர் சிரிப்பார்கள். பெண்கள் அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

விமானி உரிமத்துக்குப் படிக்கிறவர்கள் எழுத வேண்டிய தாள்களில் ஒன்று விமான வானிலையியல். பிள்ளைகள் 'மெட்' என்பார்கள். டி.ஜி.சி.ஏ. நடத்தும் அந்தத் தேர்வில் நூற்றுக்கு 70 எடுத்தால்தான் தேர்ச்சி. பல்லாவரம் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் அந்தத் தாளைப் பதினோரு ஆண்டுகளாக நடத்துகிறேன். எனக்கு விமானி உரிமம் கிடையாது. வணிக விமானி ஆக இன்று ஐம்பது லட்சத்துக்கு மேல் செலவாகும். நான் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தவரின் மகள். பிராட்வேயில் அரசு மகளிர் கல்லூரியில் இயற்பியல் படித்தேன். எண்ணூரில் ரயிலேறி, கடற்கரை நிலையத்தில் மாறி, பல்லாவரத்தில் இறங்கி, விமானம் ஓட்டப்போகிறவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறேன்.

"விமானமே ஓட்டாத உங்களுக்கு இதெல்லாம் எப்படி மேடம் தெரியும்?" என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. பாடப்புத்தகம் எனக்குக் கல்லூரிக்குப் பிறகுதான் வந்தது. அதில் இருப்பதில் பாதியை அதற்கு முன்பே எங்கள் குப்பத்துப் பெண்கள் சொல்லிக் கேட்டிருந்தேன். ஆனால் அவர்கள் சொன்னதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. அவர்கள் 'வேணாம்' என்று சொன்னபோது அதைக் கணிப்பு என்றும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வாரத்தில் கரும்பலகையில் ஒரு வரி எழுதுவேன். மெட்டார் என்ற வானிலை அறிக்கை அது. சென்னை போன்ற பெரிய விமான நிலையங்களில் அரை மணிக்கு ஒருமுறை வெளியாகும். முழுக்கச் சங்கேதமாக இருக்கும்: வி.ஓ.எம்.எம். 150230 இசட் 29004 கே.டி. 3000 பி.ஆர். எஸ்.சி.டி. 020 24/22 க்யூ 1013 நோசிக்.

பார்த்தவுடன் மிரட்டும். பிரித்துப் படித்தால் ஒன்றுமில்லை. வி.ஓ.எம்.எம். என்பது சென்னை விமான நிலையத்தின் குறியீடு. தேதி 15. நேரம் உலகப் பொது நேரப்படி 2.30; நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் காலை 8. காற்று 290 பாகையிலிருந்து 4 நாட் வேகத்தில் வீசுகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் தூரம் 3,000 மீட்டர். காரணம் பனிமூட்டம். வானத்தை எட்டாகப் பிரித்தால் அதில் மூன்று நான்கு பங்கை மேகம் மூடியிருக்கிறது. அதன் அடிப்பகுதி 2,000 அடியில். வெப்பம் 24 டிகிரி, பனிநிலை 22. கடல்மட்டக் காற்றழுத்தம் 1013. அடுத்த இரண்டு மணி நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை. தை மாதத்துக் காலை ஒன்றுக்காக நான் எழுதிக்காட்டும் மாதிரி வரி இது.

"இதில் நீங்கள் பறக்கலாமா?" என்று கேட்பேன். கண்ணால் வெளியே பார்த்து ஓட்டும் மாணவ விமானிக்குக் குறைந்தது 5 கிலோமீட்டர் தூரம் தெரிய வேண்டும் என்பது விதி. மூன்று கிலோமீட்டர்தான் தெரிகிறது. ஆகவே கூடாது. இங்கே துணிச்சலுக்கு வேலையில்லை. மூன்று, ஐந்தைவிடச் சிறிய எண். அவ்வளவுதான்.

மாணவர்கள் முதலில் தடுமாறுவது காற்றின் திசையில். 290 என்றால் காற்று அந்தத் திசைக்குப் போகிறதா, அங்கிருந்து வருகிறதா? வருகிறது. பூமியில் எல்லா மெட்டாரும் காற்றை அது புறப்பட்ட இடத்தை வைத்துத்தான் சொல்லும். எனக்கு இதில் குழப்பம் வந்ததே இல்லை. தமிழில் காற்றுக்குப் பேர் வைத்தவர்களும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. கடற்கரையில் மேல்காற்றைக் கச்சான் என்பார்கள். 'கச்சான் அடிக்குது' என்று என் ஆயா சொன்னால் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது என்று பொருள். ஓடுபாதைக்கும் இது வேண்டும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் பேர். கூடவே ஒரு சுழியம் போட்டால் பாகை. காலையில் மேல்காற்று அடிக்கும்போது ஒரு முனை, பிற்பகலில் கடற்காற்று வந்ததும் மறுமுனை.

அந்தக் கடற்காற்றும் பாடத்தில் ஒரு தனி அத்தியாயம். வெயிலில் தரை சீக்கிரம் சுடும், கடல் மெதுவாகச் சுடும். தரைமேல் காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இரவில் இது தலைகீழ். கட்டுமரக் காலத்தில் எங்கள் ஆட்கள் விடியலுக்கு முன் தரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பகலில் கடற்காற்றில் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு அது பெட்ரோல் செலவில்லாத எஞ்சின். ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று பிற்பகல் வரை நுழைய முடியாது. சில நாள் நுழையவே நுழையாது. அந்த நாட்களில் மீன் வாங்கக் காத்திருக்கும் பெண்கள் மணலில் உட்கார்ந்து புடவை முந்தானை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். விமான நிலையத்தில் துணிக்குழல் ஒன்றைக் கம்பத்தில் கட்டிப் பறக்கவிட்டிருப்பதைப் பின்னால் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த முந்தானைகள்தான்.

பனிநிலை என்ற சொல்லை விளக்க எனக்கு உப்பு போதும். காற்று குளிர்ந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதிலுள்ள ஈரத்தைத் தாங்க முடியாமல் துளியாக விடும். அந்த வெப்பநிலைதான் பனிநிலை. வெப்பமும் பனிநிலையும் நெருங்க நெருங்கப் பனிமூட்டத்துக்கு வாய்ப்பு அதிகம். 24/22 என்றால் இரண்டே டிகிரி இடைவெளி, காற்றின் ஈரப்பதம் கிட்டத்தட்ட 90 சதவீதம். 34/24 என்றால் இடைவெளி பத்து, ஈரப்பதம் 56 போல. அம்மா கருவாடு போடுகிறவள். நெத்திலியும் வாளையும் கழுவி உப்புப் போட்டு மணலில் வலை விரித்துக் காயவைப்பாள். காலையில் எழுந்ததும் அடுப்படிக்குப் போய் உப்புச் சாடிக்குள் கை விடுவாள். "உப்பு தண்ணி வுட்டுகீது, இன்னைக்கு மீன் போட்டா புழுதான் வைக்கும்" என்பாள். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். இதை நான் கல்லூரியில் ஆய்வகத்தில் படித்தேன். அம்மாவின் சாடி ஈரப்பதமானி. அளவுகோடு மட்டும் அதில் கிடையாது.

இன்னொரு கருவியை எங்களுக்கு ஊரே நட்டு வைத்தது. நெட்டுக்குப்பத்தில் எங்கே நின்று பார்த்தாலும் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் தெரியும். விடியற்காலையில் தரை குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கும். வெப்பத் தலைகீழ்மாற்றம் என்று புத்தகம் சொல்லும். அப்போது புகை மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நாடா போலப் படுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் அடியிலிருந்து மூடி உடைந்து, அதுவரை மேலே கிடந்த புகையெல்லாம் மொத்தமாகத் தரைக்கு இறங்கும். பள்ளிக்கூடம் போகும் நேரம் அது. கண் எரியும், ஆயா இருமத் தொடங்குவாள். உச்சி வெயிலில் புகை பாம்பு போல ஏறி இறங்கி நெளியும். காற்று நிலையில்லாமல் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்த நேரத்தில் சின்ன விமானம் குலுங்கும். புகையின் இந்த மூன்று வடிவத்துக்கும் பாடப்புத்தகத்தில் தனித்தனிப் பேர் உண்டு, படமும் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குத் தொண்டை கரகரக்கும்.

இந்தத் தலைகீழ்மாற்றம் விமானத்துக்கு என்ன செய்யும் என்பதற்குப் போகிப் பண்டிகையை உதாரணமாகச் சொல்வேன். தை பிறப்பதற்கு முந்தின விடியலில், ஊரே பழைய பாயையும் டயரையும் கொளுத்தும். காற்று அசையாது, மூடி திறக்காது. 2018 போகியன்று புகையும் பனியும் கலந்து ஓடுபாதை தெரியாமல் போய், சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

எல்லாவற்றிலும் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இடிமேகத்துக்கு. அதற்கு மூன்று பருவம். முதலில் காற்று மேலே மட்டும் போகும். மேகம் காலிஃபிளவர் மாதிரி வளரும். முதிர்ந்த பருவத்தில் உள்ளே ஒரு பக்கம் காற்று ஏற, இன்னொரு பக்கம் மழையோடு குளிர்ந்த காற்று விழும். உச்சி 40,000 அடியைத் தாண்டும். கடைசியில் விழுகிற காற்று மட்டும் மிஞ்சி, மழை தூறி, மேகம் கலையும். ஆபத்து நடுப்பருவத்தில். மேலிருந்து விழும் காற்று தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். தரைக்கு அருகில் பறக்கும் விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்று அடித்துத் தூக்கிக் காட்டும். அடுத்த சில நொடியில் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். விமானம் உயரத்தை இழக்கும். அதனால்தான் கடுமையான இடிமேகத்தைவிட்டுக் குறைந்தது 20 கடல்மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளிப் போகச் சொல்கிறார்கள். நெட்டுக்குப்பத்திலிருந்து மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் அதைவிடப் பக்கம். எங்கள் வீட்டுக்கு மேல் முழுதாக முதிர்ந்த மேகம் நின்றால், மீனம்பாக்கத்தில் இருக்கும் விமானிக்கும் அது பக்கத்து வீட்டு விஷயம்தான்.

சென்னையின் கோடை மழை பெரும்பாலும் மாலையில் மேற்கே பிறந்து கடல் பக்கம் வரும். உள்ளே நுழைந்த கடற்காற்றும் மேல்காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் மேகம் எழும். அம்மா மூன்று மணிக்கு மேல் மேற்கைப் பார்த்தபடிதான் மீன் புரட்டுவாள். காற்று நின்று புழுங்கினால் ஒரு கண் வானத்தில் இருக்கும். திடீரென்று காற்று திரும்பிச் சில்லென்று முகத்தில் அடித்தால், "வந்துடுச்சி, அள்ளுங்கடி" என்று கத்துவாள். அந்தச் சில்லென்ற காற்றுதான் மேகத்திலிருந்து விழுந்து தரையோடு ஓடிவரும் குளிர்க்காற்றின் முன்விளிம்பு. மழைக்குப் பத்து நிமிடம் முன்னால் வரும். பத்து நிமிடத்தில் நான்கு பெண்கள் ஒரு வலை கருவாட்டை அள்ளி வீட்டுக்குள் சேர்த்துவிடுவார்கள்.

இவ்வளவும் தெரிந்தவளுக்கு ஒரே ஒரு உரிமை கிடையாது. படகு போகலாமா வேண்டாமா என்று முடிவு சொல்லும் உரிமை.

எங்கள் பக்கம் கடலுக்குக் கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. 'எங்கே போறே' என்று கேட்கக் கூடாது. போகிற நேரத்தில் பெண் வாய் திறந்தால் அபசகுனம். அதனால் அம்மா முந்தின ராத்திரியே சொல்லிவிடுவாள், சோறு போடும்போது. "யோவ், உப்பு கசியுது. நெலாவுக்கு வளையம் போட்டுகீது. இன்னைக்கு வேணாம்யா." மறுநாள் விடியலைத்தான் 'இன்னைக்கு' என்பாள். அப்பா கேட்டுக்கொண்ட நாளும் உண்டு. கேட்காமல் போய், திரும்பி வரும்போது முகத்துவாரத்து அலையில் படகு கவிழ்ந்து, எஞ்சினைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு நீந்தி வந்த நாளும் உண்டு. அன்றைக்குக் கரையில் கூடியவர்கள் பேசிக்கொண்டதை நான் அம்மாவின் புடவையைப் பிடித்தபடி கேட்டேன். "இவ வாய வச்சா, அதான்."

இதுதான் கணக்கு. புயல் வந்தால் அவளுக்குக் கருநாக்கு. வராவிட்டால் பயந்தாங்கொள்ளி. அவள் பார்த்தது உப்பையும் நிலாவையும் காற்றையும் என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

வானிலையியலின் வரலாற்றிலும் இதே மாதிரிக் கதைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஜோன் சிம்ப்சனுக்கு மேகங்கள் மேல் சின்ன வயதிலிருந்தே ஈர்ப்பு. விமானம் ஓட்டக் கற்றபோது வானிலையியல் அறிமுகமானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் படைப் பயிற்சியாளர்களுக்கு வானிலையியல் கற்பித்தார். போர் முடிந்ததும், கற்பித்த பெண்கள் வீடு திரும்புவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சிம்ப்சன் திரும்பவில்லை. 1949இல் அந்தத் துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் ஆனார். வெப்பமண்டலத்தின் உயரமான இடிமேகங்கள் வெப்பத்தை மேலே கொண்டுபோகும் கோபுரங்கள் என்று விளக்கியவர்களில் அவர் ஒருவர். பின்னாளில் நாசாவில், வெப்பமண்டல மழையை விண்ணிலிருந்து அளக்க 1997இல் ஏவப்பட்ட செயற்கைக்கோள் திட்டத்தின் அறிவியல் பணியை முன்னின்று நடத்தினார்.

நம் பக்கத்தில் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளியியலை ஆராய்ந்தவர். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. இங்கிலாந்துக்குப் போய் வானிலைக் கருவிகளில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1948இல் இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகத்தில் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய, ஏறத்தாழ நூறு கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். காற்றழுத்தமும் காற்றின் வேகமும் அளக்கும் பாடம் வரும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லாமல் நான் வகுப்பை முடிப்பதில்லை. தேர்வில் அந்தக் கேள்வி வராது என்று ஒரு பையன் நினைவூட்டினான். வராதுதான்.

தேர்வில் வராத இன்னொன்றையும் நடத்துவேன். விமானி எடுக்கும் முடிவுகளைப் பற்றி அமெரிக்க விமானத் துறை தன் பயிற்சி நூல்களில் ஐந்து ஆபத்தான மனநிலைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்பது ஒன்று. யோசிக்காமல் உடனே எதையாவது செய்வது ஒன்று. எனக்கு ஒன்றும் ஆகாது என்பது ஒன்று. நான்காவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேரே 'மாச்சோ'. நான் ஆம்பளை, செய்துகாட்டுகிறேன் என்ற வீம்பு. பெண்களுக்கும் அது வரலாம் என்று சேர்த்தே சொல்கிறார்கள். ஐந்தாவது, என் கையில் என்ன இருக்கிறது, நடப்பது நடக்கட்டும் என்று விட்டுவிடுவது.

இந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது நான்காவதிலும் ஐந்தாவதிலும் நின்றுவிட்டேன். நான்காவதை ஊர் பையன்களுக்கு ஊட்டி வளர்க்கிறது. ஐந்தாவதைப் பெண்களுக்கு ஊட்டி வளர்க்கிறது. பொறுமை, அடக்கம் என்று அதற்கு நல்ல பேர்களும் வைத்திருக்கிறது. காக்பிட்டில் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய்விடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்துவிட்டு வேறு மாநிலத்தில் ஒரு பறத்தல் பள்ளியில் சேர்ந்த பெண் ஒருத்தி இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாள். அழுதிருந்தது குரலில் தெரிந்தது. அன்று பிற்பகல் அவள் தனியாக வேறொரு ஊருக்குப் பறந்து திரும்ப வேண்டும். முன்னறிவிப்பில் இடிமழைக்கு வாய்ப்பு என்று இருந்திருக்கிறது. போகிற பாதையில் மேகங்கள் கோபுரமாக வளர்வதைக் கண்ணாலும் பார்த்திருக்கிறாள். போகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மேகம் வேறு பக்கம் போய்விட்டது. மாலை முழுக்க வெயில். பயிற்றுநர் எல்லோர் முன்னாலும், "பயமாக இருந்தால் வீட்டிலேயே இருந்திருக்கலாமே" என்று சொல்லியிருக்கிறார். அதே வாரம் அதே காரணத்துக்காகப் பறப்பை ரத்து செய்த பையனுக்கு "நல்ல முடிவு" என்று தோளில் தட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

நான் ஆறுதல் சொல்லவில்லை. கேள்வி கேட்டேன். கிளம்ப வேண்டிய நேரத்தில் மெட்டார் என்ன? முன்னறிவிப்பு என்ன? மேகம் எத்தனை மைல் தூரத்தில்? ஒவ்வொன்றுக்கும் எண்ணாகப் பதில் சொன்னாள். இதில் பயம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இல்ல மேடம்" என்றாள். பிறகு வந்த வெயிலை வைத்து முன்னால் எடுத்த முடிவை அளக்க முடியாது. முடிவெடுத்த நிமிடத்தில் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் அளக்க வேண்டும். அவளிடம் இதையெல்லாம் ஒரு தாளில் தேதி போட்டு எழுதிவைக்கச் சொன்னேன். என் அம்மாவிடம் அப்படி ஒரு தாள் இருந்ததில்லை.

இந்தியாவில் விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பெண்கள் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. உலகச் சராசரி 5 சதவீதம்தான். பெருமைப்பட வேண்டிய எண். என் வகுப்பிலும் இருபது பேர் இருந்தால் நான்கைந்து பெண்கள் இருக்கிறார்கள். உள்ளே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் சொல்லும் 'வேண்டாம்' ஆண் சொல்வதற்குச் சமமான எடையோடு கேட்கப்படுகிறதா என்பதற்கு எண் எதுவும் இல்லை.

வேண்டாம் என்பதை ஊர் கொண்டாடிய ஒரு நாளும் உண்டு. 2024 நவம்பர் 30, ஃபெங்கல் புயல். மீனம்பாக்கத்தில் பக்கவாட்டுக் காற்றில் தள்ளாடி ஓடுபாதைவரை இறங்கிய விமானம் ஒன்று சட்டென்று மேலெழும்பிப் போன காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தரையைத் தொடுகிற தூரத்துக்கு வந்த பிறகும் 'இல்லை' என்று முடிவெடுக்கலாம். விமானத் துறையில் அதற்குத் தனிப் பயிற்சியே உண்டு. அன்று பிற்பகலில் விமான நிலையத்தையும் மூடினார்கள். முந்தைய ஆண்டு டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயலில், ஓடுபாதையில் தண்ணீர் நின்றபோதும் மூடினார்கள். விமானத்துக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு அலுவலகம் இருக்கிறது, அரை மணிக்கு ஒரு அறிக்கை இருக்கிறது. அதே மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு எண்ணெய் மிதந்து வந்து படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அதற்கு எந்தக் கூண்டும் ஏற்றப்படவில்லை.

கடலுக்குப் போகிறவர்களுக்கு எச்சரிக்கை எப்போது வந்து சேர்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்துப் படகுகள் பல ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. திரும்பாதவர்களைத் தேடச் சொல்லி டிசம்பரில் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்த கூட்டத்தில் பெண்கள் இருந்தார்கள். கரையில் காத்திருக்கிறவளுக்குத் தகவல் கடைசியாக வரும், இழப்பு முதலில் வரும்.

இப்போது எல்லாம் கைபேசியில் வருகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலையின் உயரம், காற்றின் வேகம், எந்தப் பகுதியில் மீன் இருக்கக்கூடும் என்பதையெல்லாம் மீனவர்களுக்கு அனுப்புகிறது. புயல் உருவானால் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் எத்தனையாம் எண் கூண்டு என்று செய்தியில் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் அந்தத் தகவல் வரும் போன்கள் பெரும்பாலும் ஆண்களின் சட்டைப்பையில் இருக்கின்றன. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் ராத்திரி எட்டு மணிக்கு நான் அவளுக்குப் படித்துக்காட்டுவேன். அலை இத்தனை மீட்டர், காற்று இத்தனை நாட், இந்தத் திசையிலிருந்து. அவள் உப்புச் சாடியில் கை விட்டுப் பார்த்துவிட்டு, சரி என்பாள், அல்லது உங்க ஆளுங்க தப்பா சொல்றாங்க என்பாள். இரண்டும் பொருந்துகிற நாளில் தம்பியிடம் சொல்வாள்: "இன்னைக்கு வேணாம்டா. காத்து இருவத்தஞ்சு நாட்டாம்."

அந்த இருபத்தைந்துக்கு அவன் காது கொடுக்கிறான். அதே அம்மா, அதே உப்பு, அதே சொல். பக்கத்தில் ஒரு எண் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எண் இல்லாமல் அவள் சொன்ன முப்பது ஆண்டுகள் எனக்குத் தெரியும் என்பதால் இதில் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. ஆனாலும் எண்ணைக் கையில் எடுக்காமல் இருக்கவும் மாட்டேன். டீசல் கடன் அழுத்தும் மாதங்களில் அவன் எண்ணையும் தாண்டிப் போகத்தான் செய்கிறான். அப்போது அம்மாவும் நானும் திரும்பி வரும்வரை தூங்குவதில்லை.

என் மாணவிகளுக்குக் கடைசி வகுப்பில் ஒரு வேலை கொடுப்பேன். விதி சொல்லும் குறைந்தபட்சம் ஒன்று இருக்கும். அதற்கு மேல் உங்களுக்கென்று ஒரு குறைந்தபட்சம் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம் தெரிந்தால் கிளம்புவேன். பக்கக் காற்று எத்தனை நாட் வரை. மேகத்தின் அடி எத்தனை அடிக்கு மேல். இடிமேகம் எத்தனை மைலுக்கு அப்பால். அனுபவம் கூடக்கூட மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விமானத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு மாற்றக் கூடாது. அங்கே எஞ்சின் ஓடும், ஆட்கள் பார்ப்பார்கள், பணம் கட்டிய நினைப்பு வரும். முந்தின ராத்திரி, சாப்பிட்ட பிறகு, வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள். கீழே கையெழுத்துப் போடுங்கள். காலையில் மெட்டாரை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எண் பொருந்தாவிட்டால் போய்ச் சொல்லுங்கள். குரலைத் தாழ்த்த வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். காரணம் கேட்டால் தாளைக் காட்டுங்கள்.